இரண்டு டைரக்டரிகளும் ஒரு கல்யாணமும்

பகவதி தனக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது என்று ஓடி வந்து சொன்னபோது, செண்பகவல்லி முதலில் கேட்டது மாப்பிள்ளையின் பெயரை அல்ல.

“ஏட்டி, அவன் எந்த டைரக்டரி?”

பகவதி தலையைக் குனிந்துகொண்டாள். பதில் அதிலேயே தெரிந்துவிட்டது. செவ்வாய்க் கிரகத்தில் தமிழ் பேசுகிற குடியிருப்புகள் இரண்டே இரண்டுதான். ஒன்று, அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்த பொருநை நகர். இன்னொன்று, சுரங்கப்பாதையின் மறுகோடியில் இருந்த வைகை நகர்.

“வைகையா? உங்கப்பாகிட்டச் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் அத்தை. ஒரு நாள் முழுக்கப் பேசல. மறுநாள் ‘பையன் சாப்பிடுவானா, ஒல்லியா இருக்கானே’ன்னு கேட்டாவ.”

“அப்ப சம்மதம்தான். ஜாதகம் பார்த்தாச்சா?”

“யாரு பாக்கா இப்பல்லாம்?”

அதுவும் உண்மைதான். செவ்வாயிலேயே குடியிருப்பவர்களுக்குச் செவ்வாய் தோஷம் எப்படிப் பார்ப்பது என்று குழம்பி, முதல் தலைமுறை ஜோதிடர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பொருத்தம் பார்க்க இப்போது மிஞ்சியிருந்தது டைரக்டரி ஒன்றுதான்.

பொருநை நகரின் டைரக்டரியைப் பார்த்துக்கொள்வதுதான் செண்பகவல்லியின் உத்தியோகம். வெளியே காலடி வைத்தால் மூச்சுவிட முடியாத இடத்தில், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அது டைரக்டரிக்குத் தெரியும். ஊரிலுள்ள ஆட்கள், அவர்கள் பயன்படுத்தும் கருவிகள் எல்லாவற்றின் பெயரும் அதில் இருக்கும். கதவோ, தண்ணீர்க் குழாயோ, காற்றுத் துவாரமோ தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. ஆள் அருகில் வந்ததும் ‘இவர் யார், நம் ஆளா?’ என்று டைரக்டரியைக் கேட்கும். ‘நம் ஆள்தான், தக்காளிப் பண்ணைக்குள் விடு, மருந்துக் கிடங்குக்குள் விடாதே’ என்று அது சொல்லும். அதன்படி கதவு திறக்கும், காற்று வரும். பெயர் இல்லாதவர் எதிரில் நின்று கத்தினாலும் கதவுக்கு அங்கே யாரும் இல்லை.

“நீ அங்க வாழப் போனா, உன் பேரை நான் இங்கேருந்து எடுக்கணும். அவங்க அங்க புதுசா ஏத்துவாங்க. புதுசுன்னா, நேத்துப் பொறந்த பிள்ளை மாதிரி. நீ படிச்ச படிப்பு, பண்ணையில உன் பொறுப்பு, ஒண்ணும் அந்த டைரக்டரிக்குத் தெரியாது. நாளைக்கு நீ இங்க வந்தா, உங்க வீட்டுச் சமையக்கட்டுக் கதவே உன்னை யாருன்னு கேக்கும்.”

“திரவியம் மாமாவுக்கு ஆன மாதிரி.”

திரவியம் வேலை கிடைத்து வைகைக்குப் போனவர். அப்பா இறந்த சேதி கேட்டு ஓடி வந்தபோது, அவரைப் பார்வையாளர் அறைவரைதான் கதவுகள் விட்டன. அப்பாவின் இறுதிச் சடங்கை அவர் அந்த அறையிலிருந்த திரையில் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் செண்பகவல்லி.

“இதுக்கு வழியே இல்லையா, அத்தை?”

“வழி இல்லாம என்ன? ரெண்டு டைரக்டரிக்கும் நடுவுல நம்பிக்கை இணைப்புன்னு ஒண்ணு போடலாம், டிரஸ்டும்பாங்க. போட்டா, நீ பேரை மாத்தாமலே எங்க வேணும்னாலும் இருக்கலாம். ஆனா ரெண்டு ஊர்த் தலைவரும் சரின்னு சொல்லணும்.” அவள் பெருமூச்சு விட்டாள். “இங்க தலைவர் உங்கப்பா. அங்க தலைவர் யாரு தெரியும்லா?”

“அவன் அம்மா,” என்றாள் பகவதி.

*

இரண்டு நகரங்களும் ஒரு காலத்தில் ஒன்றாகத்தான் இருந்தன. இரண்டாவது தண்ணீர்க் கிணற்றைக் கிழக்கே தோண்டுவதா மேற்கே தோண்டுவதா என்று ஆரம்பித்த வாய்த்தகராறு முற்றி, ஊர் பிரிந்து, டைரக்டரியும் பிரிந்தது. கிழக்கே தோண்டியதிலும் தண்ணீர் வரவில்லை, மேற்கே தோண்டியதிலும் வரவில்லை. அதற்காக யாரும் சண்டையை விட்டுவிடவில்லை.

சுரங்கப்பாதையின் மத்தியில் பெரிய கூடம் ஒன்று யாருக்கும் முழுதாகச் சொந்தமில்லாமல் கிடந்தது. தரையில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் விளக்கும் காற்றும் பொருநையுடையது. அந்தப் பக்கம் வைகையுடையது. சம்பந்திகள் பேச்சுவார்த்தைக்கு அங்கேதான் கூடினார்கள், அவரவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு.

வைகை நகரின் டைரக்டரியைப் பார்த்துக்கொள்கிற கூடலிங்கத்தைச் செண்பகவல்லி அன்றுதான் நேரில் பார்த்தாள். பல வருடங்களாக இவள் அனுப்பும் விண்ணப்பங்களை அவர் ‘காரணம் போதாது’ என்று திருப்பி அனுப்புவார். அவர் அனுப்புவதை இவள் ‘கையொப்பம் தெளிவில்லை’ என்று திருப்பி அனுப்புவாள். வேப்பங்காயைக் கடித்த முகமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். உருண்டையாக, சிரித்த முகமாக ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

“நீங்கதான் கையொப்பம் மேடமா?”

“நீங்கதான் காரணம் போதாதா?” என்றாள் செண்பகவல்லி. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர்கள் முறைத்தார்கள்.

பகவதியின் அப்பா நயினார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “செண்பகம், அந்த டிரஸ்டு சமாச்சாரத்தைச் சொல்லு. கோயில் டிரஸ்டு மாதிரியா?”

“இல்ல அண்ணாச்சி. அவங்க டைரக்டரி ‘இது எங்க ஆளு’ன்னு சொன்னா, நம்ம கதவு அதை நம்பித் தொறக்கணும். அம்புட்டுதான்.”

“நம்ம ஆளு அங்க போனா?”

“அதுக்கு அவங்க நம்மள நம்பணும். அது தனி. ஒரு பக்க நம்பிக்கைன்னும் உண்டு, ரெண்டு பக்க நம்பிக்கைன்னும் உண்டு.”

“ரெண்டு பக்கமும் போட்டுருவோம்ங்க,” என்றார் கூடலிங்கம். “யாராச்சும் ஒருத்தர் முதல்ல சரின்னு சொன்னாப் போதும், வேலையை ஆரம்பிச்சிரலாம்.”

அங்கேதான் வண்டி நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா காமுத்தாய் கையிலிருந்த காப்பித் தம்ளரை நகர்த்தி வைத்தாள். “மாப்பிள்ளை வீட்டுக்காரவுக நாங்க. நாங்க எதுக்குய்யா முதல்ல நம்பணும்? அவுக நம்பட்டும், பொறவு யோசிப்போம்.”

“பொண்ணையே நம்பித்தான குடுக்கோம்,” என்றார் நயினார். “அதுக்கு மேல கதவையும் நம்பணுமோ?”

“நாங்க மட்டும் பையனை நம்பி அனுப்பலையா? அவன் ராத்திரி பகலா இந்தக் கோட்டுக்கிட்டயேதான கெடந்தான்!”

மாப்பிள்ளை சோலைராசு கூரையைப் பார்த்தான். பேச்சு சாப்பாட்டுக்குப் போனது, புடவைக்குப் போனது, எல்லாவற்றிலும் ஒத்து வந்தது. நம்பிக்கைக்குத் திரும்பியபோதெல்லாம் இருவரும் வாயை இறுக்கிக்கொண்டார்கள். கடைசியில், இணைப்பு இல்லாமலே கல்யாணத்தை முடித்துவிடுவது, பெண்ணின் பெயரை வழக்கப்படி மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பகவதி செண்பகவல்லியின் அறைக்கு வந்தாள். பெயர் நீக்கத்துக்கு அவள் ஒப்புதல் வேண்டும். திரையில் விரலை வைக்கப் போனவள் நிறுத்தினாள்.

“அத்தை, ஒரு நிமிசம். எங்க வீட்டுச் சமையக்கட்டுக் கதவை இன்னொரு தரம் தொறந்துட்டு வரட்டா?”

செண்பகவல்லி திரையை அணைத்தாள். “நாளைக்குத் தாலி கட்டி முடியட்டும். அதுக்கப்புறம் எடுத்தாப் போதும். போ.”

*

மணவறை சரியாகக் கோட்டின்மேல் அமைந்தது. பெண் பொருநையில் உட்கார்ந்திருந்தாள், மாப்பிள்ளை வைகையில் உட்கார்ந்திருந்தான். மாலை மட்டும் கோட்டைத் தாண்டிப் போய் வந்தது. தாலி கட்டும்போது நாதஸ்வரக்காரர் ஊதிய ஊதில் சுரங்கமே அதிர்ந்தது.

பிறகு சாப்பாடு. சமையல் பொருநைப் பக்கத்தில். வைகைக்காரர்களுக்கு அவர்கள் பக்கத்திலேயே கொண்டுபோய்ப் பரிமாறுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் தேங்காய்ப்பால் சொதி கொதித்த வாசனை கோட்டைக் கேட்டுக்கொண்டா வரும்? முதலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பத்துப் பேர். பந்தியில் இடம் பிடிக்கும் அவசரத்தில் மாப்பிள்ளை வீடே கோட்டைத் தாண்டி வந்து இலைமுன் உட்கார்ந்துவிட்டது. நயினாருக்கு வாயெல்லாம் பல். “வாங்க, வாங்க! ஏலே, இந்த இலைக்கு இஞ்சித் துவையல் வை!”

முதலில் கொட்டாவி வந்தது. எல்லோரும் அதைச் சாப்பாட்டின் கனம் என்று நினைத்தார்கள். குழந்தைகள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்தன. இரண்டாம் பந்தி நடுவில் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

“என்னண்ணே, ஒடம்புக்கு ஆகலையா?” என்று தவில்காரர் கேட்டார்.

“தெரியல. ஊதக் காத்து இல்லப்பா.”

அது செண்பகவல்லியின் காதில் விழுந்தது. அவள் எழுந்து சுவரிலிருந்த பலகையைப் பார்த்தாள். ‘கூடத்தில் இருப்போர்: 64.’ திரும்பிப் பந்தியைப் பார்த்தாள். முன்னூறு பேருக்குக் குறையாது.

பொருநையின் டைரக்டரிக்குத் தெரிந்தவர்கள் அறுபத்து நாலு பேர். காற்றுத் துவாரங்கள் அவர்களுக்கு மட்டும் காற்று விட்டுக்கொண்டிருந்தன. மற்றவர்கள் அந்தக் காற்றைத்தான் பங்கு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

“கூடலிங்கம் சார்! உங்க ஆளுங்களை உங்க பக்கம் போகச் சொல்லுங்க, உடனே!”

அவர் கோட்டுக்கு அப்பால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, வெளுத்த முகத்தோடு திரும்பினார். “மேடம், எங்க பக்கம் யாருமில்லைன்னு காத்தையும் சூட்டையும் எப்பவோ மூடிருச்சு. பனிக்கட்டியாக் கெடக்கு. அது பழையபடி ஆகுறதுக்குள்ள இங்க பாதிப் பேரு மயங்கிருவாய்ங்க.”

“அப்ப இணைப்பைப் போடுவோம். எங்க டைரக்டரி உங்க ஆளுங்களை ஆளுன்னு ஒத்துக்கிட்டா காத்து வந்துரும்.”

தலைவர்கள் அவரவர் பலகையில் கை வைக்க வேண்டும். செண்பகவல்லி சாம்பார் வாளியோடு நின்ற நயினாரை இழுத்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் பார்வை அவரை அறியாமல் எதிர்ப்பக்கம் போனது. “அந்தம்மா கை வச்சாச்சா?”

“அண்ணாச்சி!”

நயினார் குனிந்து பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண் குழந்தை ஒன்று அவர் காலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. தோளைத் தொட்டு அசைத்தார். அது கண்ணைத் திறக்கவில்லை. வாளியைத் தரையில் போட்டுவிட்டுப் பலகையில் கையை அறைந்தார். அதே நேரத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சத்தம் கேட்டது. கூடலிங்கத்தின் பின்னால் ஓடிய காமுத்தாய் சொதி ஒட்டிய கையோடு அவர்கள் பலகையில் அறைந்திருந்தாள். யார் கை முதலில் பட்டது என்பதை யாரும் பார்க்கவில்லை.

இனி இரண்டு பக்கமும் ஒரே ரகசியச் சொல்லை அடிக்க வேண்டும்.

“என்ன சொல்லு மேடம்?” என்று கூடலிங்கம் அங்கிருந்து கத்தினார்.

யோசிக்க நேரமில்லை. “சொதி!” என்று இவளும் கத்தினாள்.

“குறில் ‘தி’யா, நெடில் ‘தீ’யா?”

“திங்கோம்லா, அந்தத் தி!”

முன்னூறு பேருக்குத் தெரிந்த அந்த ரகசியத்தை இருவரும் அடித்தார்கள். பலகையில் 64 மறைந்து 312 வந்தது. மறுகணம் கூரைத் துவாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உறும ஆரம்பித்தன. இலைகள் பறந்தன. அப்பளங்கள் பறந்தன. நயினாரின் காலடியிலிருந்த குழந்தை எழுந்து உட்கார்ந்து அழுதது. அந்த அழுகையைக் கேட்டுக் கூடமே சிரித்தது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை எடுத்து, யாரும் கேட்காமலே ஒரு பாட்டு வாசித்தார்.

கை கழுவிவிட்டு வந்த காமுத்தாய் விறைப்பாகச் சொன்னாள்: “இது இன்னைக்கு மட்டுந்தான்.”

“ஆமா, இன்னைக்கு மட்டும்தான்,” என்றார் நயினார். சம்பந்திகள் இருவரும் அந்த விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. எல்லோரும் அவரவர் ஊர் திரும்பியதும் இணைப்பு தானாகவே அறுந்துவிட வேண்டும் என்று இருவரும் ஆணை போட்டார்கள். ஒரே ஒருவர் மறுபக்கம் இருந்தாலும் அறுக்கக் கூடாது, அவர் மூச்சு நின்றுபோகும் என்பது டைரக்டரியில் முதலிலிருந்தே உள்ள விதி.

*

அன்று மாலை செண்பகவல்லி திரையைப் பார்த்தபோது இரண்டு ஊர்க்காரர்களையும் சேர்த்து ‘மறுபக்கம் இருப்போர்: 41’ என்று இருந்தது. மறுநாள் காலையில் குறைந்திருந்தது. மத்தியானம் கூடியிருந்தது. அதன்பிறகு அந்த எண் பூஜ்யத்துக்கு வரவே இல்லை.

வைகையில் நல்ல பல் டாக்டர் இருந்தார். பொருநையில் எல்லோருக்கும் திடீரென்று பல் வலித்தது. திரவியம் வாரம் ஒருமுறை அப்பாவின் வீட்டுக்கு வந்து, ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். மகளுக்குச் சரியாகச் சோறு போடுகிறார்களா என்று பார்க்க நயினார் போனார். அவருக்கு அங்கே சீட்டாட நாலு பேர் கிடைத்தார்கள். சொதி வைக்கக் கற்றுக்கொள்ள வந்த காமுத்தாய், இன்னும் பதம் வரவில்லை என்று சொல்லிச் சொல்லித் திரும்பத் திரும்ப வந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே பகவதி. எடுக்காமலே விட்ட அவள் பெயர் பொருநையில், குடித்தனம் வைகையில். அவள் ஒருத்தி அங்கே இருக்கும்வரை இணைப்பு அறாது.

“ஆணையை ரத்து பண்ணிருங்களேன், அண்ணாச்சி,” என்று செண்பகவல்லி கேட்டுப் பார்த்தாள்.

“அந்தம்மா கேட்டா பண்ணிருவோம்.”

கூடலிங்கம் அவர்கள் பக்கம் கேட்டதற்கும் இதே பதில்தான் கிடைத்ததாம்.

ஆள் எண்ணும் நாள் வந்தது. காற்றுக் கணக்குக்காக வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தன் ஊர்க் கூடத்தில் வரிசையில் நின்று தலையைக் காட்ட வேண்டும். ஒன்றாக இருந்த காலத்துப் பழைய நாட்காட்டியை இரண்டு ஊரும் மாற்றாமல் வைத்திருந்ததால், இரண்டிலும் ஒரே நாள், ஒரே நேரம். பகவதியும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

“அத்தை, அடுப்புல குழம்பை வச்சுட்டு வந்திருக்கேன். எண்ணி முடிச்ச உடனே ஓடிருவேன்,” என்று கையசைத்துவிட்டு வரிசைக்குப் போனாள்.

செண்பகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. அறைக்குள் ஓடித் திரையைப் பார்த்தாள். மறுபக்கம் இருப்போர்: 2. பிறகு 1. பிறகு, அவள் ஒருபோதும் பார்த்திராத பூஜ்யம். கீழே ஒரு வரி மின்னியது: ‘மறுபக்கம் யாரும் இல்லை. ஆணைப்படி இணைப்பு சற்று நேரத்தில் துண்டிக்கப்படும்.’

அறுந்தால், பகவதி இந்தப் பக்கம், அவள் புருஷன் அந்தப் பக்கம். மறுபடியும் இணைக்க வேண்டுமென்றால் இரண்டு தலைவர்களும் கை வைக்க வேண்டும். யார் முதலில் என்ற பேச்சு மறுபடி ஆரம்பிக்கும். செண்பகவல்லி நயினாரைப் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, இணைப்பு அறப்போவுது. ரத்துன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“அந்தம்மா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பின்னால் பகவதி யாரிடமோ குழம்பைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பது கேட்டது. “செண்பகம், மறுபக்கம் ஒரு ஆள் இருந்தா அறாதுல்லா?”

“அறாது அண்ணாச்சி.”

“சரி. நீ என்கிட்ட ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல.” அவர் வைத்துவிட்டார்.

செண்பகவல்லி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். சுரங்கத்தில் போவதற்கு ஒரு பாதை, வருவதற்கு ஒரு பாதை, நடுவில் சுவர். ஊரையே மறுபக்கம் அனுப்பி வைத்தவள், தான் ஒருநாளும் நடுக்கூடத்தைத் தாண்டிப் போனதே இல்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டி, மூச்சிரைக்க வைகை நகரின் கதவுமுன் போய் நின்றாள். அது ஒரு கணம் தயங்கியது. அவளுடைய டைரக்டரியை விசாரித்திருக்க வேண்டும். பிறகு “வாங்க, செண்பகவல்லி” என்று திறந்தது.

உள்ளே சுவரில் இருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தாள். எச்சரிக்கை வரி போய்விட்டிருந்தது. ‘மறுபக்கம் இருப்போர்: 2.’

இரண்டா? அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

டைரக்டரி அறை பக்கத்திலேயே இருந்தது. எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. மேசைமேல் பாதி குடித்த தேநீரில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. எடுத்து, “ஹலோ” என்றாள்.

“மேடம்!” கூடலிங்கத்துக்கும் மூச்சு வாங்கியது. “நீங்களா? இணைப்பு அறப்போகுதேன்னு உங்க ஊருக்கு ஓடியாந்தேன். உங்க ரூம்ல உங்களைக் காணோம். எங்க ஆளு யாருக்காச்சும் சொல்லலாம்னு எங்க ரூமுக்கு அடிச்சா, நீங்க எப்படி எடுக்கிறீங்க?”

செண்பகவல்லி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பக்கமும் அவருக்குப் புரிந்துவிட்டிருக்க வேண்டும். அங்கேயும் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

“சார், அங்க எங்க ஆளுங்க எண்ணிக்கிட்டு இருக்காங்க. நீங்க போய் வரிசையில என் இடத்துல நில்லுங்க. நான் இங்க உங்க இடத்துல நிக்கேன்.”

வைகை நகரின் கூடத்தில் காமுத்தாய் கையை நீட்டி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். வரிசையின் கடைசியில், வெறுங்காலோடு நின்ற செண்பகவல்லியின் முன்னால் வந்ததும் கை அந்தரத்தில் நின்றது. அவள் இவள் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையில் கையை வைத்து அழுத்தி, அடுத்த எண்ணைச் சத்தமாகச் சொன்னாள்.

அந்த வருடம் வைகை நகரில் ஆள் எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகாமல் சரியாக இருந்தது. பொருநை நகரிலும் அப்படித்தான் என்று நயினார் அறிவித்தார்.